பள்ளத்தில் நின்ற கவுதாரி

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைவது என் தொழில். பறவைகளாக மாறிய மனிதர்களைப் பற்றிய கிரேக்கக் கதைத் தொகுப்பு வந்தபோது, பாதி கை, பாதி இறக்கை என்று மாறும் கணத்தைத்தான் பதிப்பகம் கேட்டது. அது கண்ணைப் பறிக்கும். ஆனால், மாறிய பிறகும் பறவைக்குள் எஞ்சி நிற்கும் மனிதன்தான் எனக்குச் சுவையாகப்பட்டான்.

ரோமக் கவிஞர் ஓவிட் சொல்லும் டீரியஸ், மைத்துனியைச் சீரழித்து அவள் நாக்கையும் அறுத்த திரேஸ் அரசன். அவன் மனைவி பழிக்குப் பழியாகத் தங்கள் மகனையே கொன்று அவனுக்குப் பரிமாறுகிறாள். ஆயுதத்தோடு சகோதரிகளைத் துரத்துகிறான், மூவருமே பறவையாகிறார்கள். அவன் கொண்டலாத்தி: தலையில் போர்வீரனின் கொண்டை, ஆயுதத்துக்குப் பதில் நீண்ட அலகு. கொடியவனுக்கும் வதைபட்டவளுக்கும் ஒரே தீர்ப்பு! (சிறுவர் நூலில் இதற்கு இடமேது? அந்த ஓவியம் என் கோப்பிலேயே தங்கிவிட்டது.)

கடலில் மூழ்கிய கணவனின் உடல் கரை ஒதுங்கக் கண்டு பாய்ந்த ஆல்சியோனி, மீன்கொத்தியாகி அவனைக் கடினமான அலகால் முத்தமிடுகிறாள். பிறகு குளிர்காலக் கடலில் மிதக்கும் கூட்டில் அடைகாக்கிறாளாம். மீன்கொத்தி கரையில் வளை தோண்டி முட்டையிடும் பறவை. கூட்டைக் கதைப்படியே வரைந்தேன்.

சண்டை வந்தது பெர்டிக்ஸ் பக்கத்தில். மாமன் டெடலஸிடம் தொழில் பழக வந்த சிறுவன். மீன் முள்ளைப் பார்த்தே ரம்பம் செய்தவன், வட்டம் போடும் கவராயத்தையும் கண்டுபிடித்தவன். பொறாமை தாங்காத மாமன் அவனை ஏதென்ஸ் கோட்டையிலிருந்து தள்ளிவிட, அதீனா தேவி நடுவானில் ஏந்திக் கவுதாரியாக்கினாள். விழுந்த நினைவில் அது இன்றும் உயரப் பறப்பதில்லை, வேலிப் புதர்களில்தான் முட்டையிடுகிறது என்கிறார் ஓவிட். பின்னாளில் அதே டெடலஸ் தன் மகன் இகாரஸைப் புதைக்கும்போது, சேற்றுப் பள்ளத்தில் நின்ற கவுதாரி சிறகடித்துக் கூவி மகிழ்கிறது.

"சாவு வீட்டில் கைதட்டுகிற பறவையா? எடுத்துவிடுங்கள்" என்றார் பதிப்பாசிரியர். சீடனின் திறமை கண்டு புழுங்கும் குருக்களிடம் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தச் சிறகடிப்பு எனக்குப் புரிந்தது. "அதை எடுத்தால் வெறும் கவுதாரிதான் மிஞ்சும், பையன் போய்விடுவான்" என்றேன். மறுநாள் படத்தை அப்படியே விட்டு, கதையின் முதல் வரியில் பையனுக்கு வயது 12 என்று மட்டும் சேர்த்து அனுப்பினார்.