குரல் குளோனிங்: கையெழுத்துக்கு முன்

ஒருவர் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதுதான் குரல் குளோனிங். மாநாட்டு மேடை டெமோவில் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். 2024-ல் 'லால் சலாம்' படப் பாட்டுக்கு மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை இப்படித்தான் ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்து.

இதில் முதலில் வேறொருவர் பாட வேண்டும். மூச்சு, கமகம், உச்சரிப்பு அவருடையது. மாறுவது குரலின் நிறம். அவர் 'ழ'வைச் சொதப்பினால் மறைந்தவரும் சொதப்புவார்! பழைய பாட்டிலிருந்து பிரித்தெடுத்த குரலில் எக்கோவும் வயலினும் ஒட்டிக்கொண்டே வரும். குரலைக் கற்கும் ஏஐ மாடல் அதையும் கற்றுக்கொள்ளும். வெறும் குரல் டிராக் கிடைத்தால் பாதித் தலைவலி போச்சு.

டப்பிங் கலைஞர்களே, ஒப்பந்தத்தில் "எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்றிருந்தால் பேனாவை மூடுங்கள். எந்தப் படம், எத்தனை மொழி, உங்கள் குரலை மாடல் பயிற்சிக்கும் எடுப்பார்களா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஹாலிவுட் நடிகர்கள் 2023-ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியவற்றில், டிஜிட்டல் நகல் எடுக்க அவர்கள் சம்மதம் வேண்டும் என்ற விதியும் ஒன்று.