டப்பா பவுடரும் மத்தி மீனும்

"என்ன குடுத்தா பிள்ளைக்கு மூளை நல்லா வளரும்?"னு இன்பாக்ஸ்ல கேக்குறவங்க பாதிப் பேர், ஏற்கெனவே ஒரு டப்பா பவுடர் வாங்கி வெச்சிட்டுத்தான் கேக்குறாங்க. லேபிளைத் திருப்பிப் பாருங்க. பல டப்பாக்கள்ல முதல் மூணு பேருக்குள்ள சர்க்கரை உக்காந்திருக்கும்.

அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்கலாம். மூளைக்கு வேண்டிய டிஹெச்ஏ கொழுப்பு அதுல தாராளம். சின்ன மீன்ங்கிறதால பாதரசப் பயமும் குறைவு. மிளகாயைக் குறைச்சுக் குழம்பு வெச்சு, நடு முள்ளை உருவிட்டு, மிச்ச முள்ளை விரலால தடவித் தடவி எடுத்துட்டு சோத்தோட பிசைஞ்சு ஊட்டுங்க. மீன் ஆகாத வீட்ல முட்டை. மஞ்சக்கருவைத் தள்ளிட்டு வெள்ளையை மட்டும் குடுக்குற அம்மாக்களே, மூளைக்கு வேண்டிய கோலின்ங்கிற சத்து இருக்கிறதே அந்த மஞ்சள்லதான்!

இரும்புச்சத்தை யாரும் கண்டுக்கிறதில்ல. பொறந்து முதல் ரெண்டு வருஷத்துல அது குறைஞ்சா கவனம், கத்துக்கிற திறன் எல்லாமே அடிவாங்கும். ஆறு மாசத்துக்கு மேல தாய்ப்பால்ல வர்ற இரும்பு மட்டும் பத்தாது. முருங்கைக்கீரையோ பயறோ எது செஞ்சாலும் கூட ரெண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்க. வைட்டமின் சி சேர்ந்தா கீரையில உள்ள இரும்பை உடம்பு நல்லா எடுத்துக்கும். சாப்பிட்ட கையோட டீ குடுத்தா அந்த இரும்பு உடம்புல சேர்றது நல்லாவே குறைஞ்சிடும். (குழந்தைக்கு டீயே எதுக்குங்கிறது தனிச் சண்டை.) உப்பு அயோடின் கலந்ததான்னு மட்டும் ஒருதரம் பாத்துக்கங்க.

வல்லாரையா? துவையல் ருசியா இருக்கும், தாராளமா அரைங்க. பரீட்சைக்கு முதல் நாள் அரைச்சுட்டு மார்க்கை எதிர்பாக்காதீங்க.