சொட்டு மருந்தும் பேட்டாவும்

மார்ச் 3, 2024, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே கடலூர் முதுநகரில் பூத் போட்டாகிவிட்டது. நான் சொட்டு மருந்து விடுகிற ஆள் இல்லை, சுகாதார நிலையத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறவன். ஆனாலும் போலியோ ஞாயிறு என்றால் எல்லோருக்கும் வேலை உண்டு. நர்ஸம்மா, அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழு அக்காக்கள், நர்சிங் படிக்கிற ஒரு பெண்.

மருந்துக் குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் சின்னச் சதுரம். சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து சரி. வெயில் பட்டு, வட்டத்தின் நிறத்துக்கு அது கருத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். நர்ஸம்மா ஒவ்வொரு குப்பியையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகே திறந்தார். குழந்தையின் கன்னத்தை லேசாக அழுத்தி இரண்டு சொட்டு, அப்புறம் இடது சுண்டுவிரலில் மை.

மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, பேட்டா கையில தருவாங்களா, போன்ல ஏத்துவாங்களா?" பேட்டா என்றால் இந்த ஒருநாள் வேலைக்கான படித்தொகை. இந்தத் தடவை வங்கிக் கணக்கில்தான் வரும், போனுக்கு மெசேஜ் வரும் என்றேன். "யாரு போனுக்கு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பட்டியல் வேலை. பெயர், கணக்கு எண், வங்கிக் கிளையைக் குறிக்கிற ஐஎஃப்எஸ்சி குறியீடு, ஆதார், செல் நம்பர். வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்புக் படங்களில் பாதிக்கு மேல் விரல் மறைத்திருக்கிறது அல்லது ஃபிளாஷ் அடித்திருக்கிறது. சிலருடைய வங்கியே இப்போது இல்லை. 2019, 2020-இல் அரசு வங்கிகளை ஒன்றோடொன்று இணைத்தார்களே, பழைய பாஸ்புக்கில் இருக்கிற குறியீடு அதோடு காலாவதி. போட்டால் பணம் திரும்பி வரும். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு உட்கார்ந்தேன். பல நம்பர்களில் ஆண் குரல்தான் எடுத்தது. "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க, என்ன விஷயம்?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஏன் சிரிக்கவில்லை என்பது புரிந்தது.

மார்ச் 10, ஞாயிறு

வெளிநாட்டில் இந்தப் பட்டுவாடாவை எப்படிச் செய்கிறார்கள் என்று இரவெல்லாம் படித்தேன். கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்கிற போன்வழிப் பணச் சேவைக்கு வங்கிக் கணக்கே வேண்டாம். சிம் கார்டுதான் மணிபர்ஸ். தெருமுனைக் கடையில் போன் வழியாகவே காசு கையில் வந்துவிடும். நம் ஊர் யூபிஐ 2016-இல் வந்தது, அதற்கு அடியில் வங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். அங்கே சுகாதாரப் பணியாளருக்குப் போன் நம்பர் ஒன்றே போதும். இங்கே கணக்கு, ஆதார், போன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

மனதை விட்டுப் போகாதது ஆப்பிரிக்காவின் சியரா லியோன். 2014, எபோலா நோய் பரவிய நேரம். அடக்கம் செய்கிற பணியாளர்களுக்கு ஆபத்துக்கான கூடுதல் படித்தொகை வரவில்லை. கெனிமா நகரில் அந்த நவம்பரில் அவர்கள் பிணங்களை மருத்துவமனையருகே வீதியில் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் போன் வழியாகப் பணம் கொடுக்கிற ஏற்பாடு முழுமூச்சில் நடந்தது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்த பட்டுவாடா ஒரு வாரத்துக்குள் வந்தது. இல்லாத ஆளுக்கும் இரட்டைப் பெயருக்கும் போய்க்கொண்டிருந்தது நின்று, 1 கோடி டாலருக்கு மேல் மிச்சமானதாகப் பிறகு கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் பேட்டாவுக்கு இதெல்லாம் பெரிய பேச்சு. ஆனால் கையில் கொடுத்த காலத்தில் டீச்செலவு, ஆட்டோச் செலவு என்று உரித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்த கதைகளை இங்கேயும் கேட்டிருக்கிறேன். அந்த வகையில் போனுக்கே என் ஓட்டு.

மார்ச் 15, வெள்ளி

இன்று மகளிர் உரிமைத் தொகை நாள். காலையிலிருந்து அக்காக்கள் எல்லோர் கையிலும் போன். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த ஆயிரம் ரூபாய் எந்த வங்கியில் விழும், எந்த ஏடிஎம்மில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒருவர் சொன்னார்: "உரிமைத் தொகை வர்ற கணக்கு நம்பரையே போட்டுக்கோ தம்பி. அதுதான் என் கணக்கு. மத்ததெல்லாம் வீட்டுக் கணக்கு."

பட்டியலைத் திறந்து, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றினேன். பயிற்சிக் கூட்டத்தில் யாரும் சொல்லித் தராத யோசனை இது. அவர்கள் ஏற்கெனவே கண்வைத்திருக்கிற கணக்கு எதுவோ, அதில் போட்டால் தேடி அலைய வேண்டியதில்லை.

மார்ச் 18, திங்கள்

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், நடத்தை விதி அமல். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படையிடம் ஆவணம் காட்ட வேண்டும். பக்கத்து வட்டாரத்தில் பழையபடி ரொக்கமாகவே கொடுப்பதாக இருந்தார்களாம். இப்போது பையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்ப ஆளில்லை. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மார்ச் 27, புதன்

விழுந்துவிட்டது! மதியம் வரிசையாக நன்றி மெசேஜ்கள், கூப்பிய கைகள். வந்த தொகை சின்னதுதான். ஆனாலும் சொன்ன தொகை குறையாமல் வந்ததே அவர்களுக்குப் பெரிது.

மெசேஜைப் பார்த்தால் ஏதோ எழுத்தும் எண்ணும், கடைசியில் தொகை. எதற்கான பணம் என்று ஒரு சொல் இல்லை. "கேஸ் மானியமா தம்பி?" என்று ஒருவர் கேட்டார். 'போலியோ பேட்டா' என்று தமிழில் போட எவ்வளவு நேரம் ஆகும்?

பூத்தில் என்னைக் கேள்வி கேட்ட அக்காவுக்கு மட்டும் வரவில்லை. 'பணம் செலுத்தப்பட்டது' என்கிறது சிஸ்டம்.

ஏப்ரல் 3, புதன்

அக்காவின் பணம் எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆதார் வழியாக அனுப்பும் பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கே போகும். குழுக் கடனுக்காக எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கொடுத்த நம்பர் வீட்டுக்காரருடையது. மெசேஜும் அவருக்கே போயிருக்கிறது. அவர் வாய் திறக்கவில்லை.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கிற கடைக்கு அக்காவோடு போனேன். வருஷக்கணக்காக மீன் ஆய்கிற கை, ரேகை தேய்ந்திருக்கிறது. கட்டைவிரலை மிஷின் ஏற்கவில்லை, ஆள்காட்டி விரலையும் ஏற்கவில்லை. கடைக்காரர் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். மோதிரவிரலில் பச்சை விளக்கு எரிந்தது. காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். அப்படியே வங்கிக்குப் போய் ஆதாரை உரிமைத் தொகைக் கணக்குக்கு மாற்ற எழுதிக் கொடுத்தோம்.

அடுத்த முகாமின் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மேலே அனுப்பியிருக்கிறேன்: 'மெசேஜ் வரும் போன் யாரிடம் இருக்கிறது?' தேவையில்லாத கேள்வி என்று வெட்டாமல் இருந்தால் சரி.