ஹேடாக் மீன் பிடிக்கப் போன ஞாயிறு

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கடற்கரை ஊரான குளோஸ்டரிலிருந்து விடியுமுன் கிளம்பிய வாடகைப் படகு, ஜெஃப்ரீஸ் லெட்ஜ் என்ற கடலடி மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்குக் குமட்டல். எனக்கு இஞ்சி மிட்டாய் கைகொடுத்தது.

மட்டிச் சதையைத் தூண்டில் முள்ளில் கோத்து, ஈயக்குண்டு தரை தட்டும்வரை தூண்டில் நரம்பை விட வேண்டும். 200 அடிக்கும் மேல் ஆழம். லேசாக ஒரு தட்டு வரும். உடனே வெடுக்கென்று இழுத்தால் போச்சு. ஹேடாக்குக்கு மெத்தென்ற வாய், கிழிந்துவிடும். நிதானமாகச் சுற்றினால் மேலே வரும். பக்கவாட்டில் கறுப்புக் கோடு, தோளருகே கட்டைவிரல் மையை ஒற்றியதுபோல் ஒரு கறுப்புத் திட்டு. கோடு வெளிறியிருந்தால் அது காட் மீன். காட் பிடிக்கத் தடைக்காலம் என்பதால் மாட்டியதைப் படகுக்காரர் கடலிலேயே விட்டுவிட்டார். நடுவில் நாய்ச்சுறாக் கூட்டம் வேறு, எல்லார் நரம்பையும் சிக்கலாக்கிவிட்டது சனியன்.

திரும்பும்போது உதவியாளர் மீனைத் துண்டு போட்டார். தலைகளை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கினேன், குழம்புக்கு. ஒரு மாதிரி பார்த்தார்.