ஊருணிப் படியில்

ஜனவரி 12, காரைக்குடி

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. வரும் வழியில் ரயிலில் சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலை மறுபடி எடுத்தேன். 1951இல் வந்த புத்தகம். கல்லூரியில் வாசித்தபோது, கதை சொல்லும் ஹோல்டன் எதிலும் ஒட்டாமல் எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிற பையனாகத்தான் தெரிந்தான். இப்போது அவன் தங்கை ஃபீபிக்குப் பத்து வயது என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது. என் மகளுக்கும் பத்து.

ஜனவரி 13

வளவு என்கிற உள்முற்றத்தின் ஓரத்தில் எங்கள் அறையைத் திறந்தோம். அதே மரப்பெட்டி, அதே தூக்குச்சட்டி, அதே வாசனை. ஹோல்டனுக்கு நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஏன் பிடிக்கும் என்பது அந்த வாசலில் நின்றபோது புரிந்தது. எத்தனை தடவை போனாலும் கண்ணாடிக்குள் எஸ்கிமோ பொம்மை அதே இரண்டு மீனோடு இருக்கும். பறவைகள் தெற்கே பறந்துகொண்டே இருக்கும். பார்க்கப் போகிறவர்தான் மாறிப் போயிருப்பார்.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "சித்திரையில ஊருணி வத்திட்டா இந்தக் கொக்கெல்லாம் எங்கம்மா போகும்?" குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்று டாக்சிக்காரரிடம் கேட்கிறானே, அவன் நினைப்பு வந்துவிட்டது.

ஜனவரி 16

ஊருணிக்கரை மண்டபச் சுவரில் யாரோ கரியால் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கிறார்கள். மகள் எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டு, "அப்படின்னா என்னம்மா?" என்றாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். கை எரிந்தது. ஹோல்டனும் தங்கை படிக்கிற பள்ளிச் சுவரில் இப்படி ஒன்றை அழிப்பான். அடுத்தது கத்தியால் கீறியது, அழியாது. பத்து லட்சம் வருஷம் கிடைத்தாலும் உலகத்தில் உள்ளதில் பாதியைக்கூட அழிக்க முடியாது என்று நினைப்பான்.

அவனை வளர மறுக்கிற பையன் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் போனபோது இவனுக்குப் பதின்மூன்று வயது. அன்றிரவு கராஜில் படுத்தவன் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் உடைத்தான். தம்பி பச்சை மையில் கவிதைகள் எழுதி வைத்த பேஸ்பால் கையுறையை இன்னும் வைத்திருக்கிறான். ரை தானிய வயலில் ஓடியாடும் பிள்ளைகள் மலைவிளிம்பில் விழாமல் பிடிக்க வேண்டும் என்ற ஆசை வேறு எங்கிருந்து வந்திருக்கும்? அந்த ஆசையே ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பாட்டைத் தப்பாகக் கேட்டதில் பிறந்தது. பாட்டில் இருப்பது 'சந்தித்தால்'. அவன் காதில் விழுந்தது 'பிடித்தால்'. ஒரு பிள்ளையைப் பிடிக்க முடியாமல் போனவன் காதில் அப்படித்தானே விழும்?

ஜனவரி 17

குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். குளிக்கிற ஊருணியில்தான் அம்மான், அதாவது என் தம்பி, என் மகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறான். மூன்று நாளாகக் குடத்தைக் கட்டிக்கொண்டு மிதக்கிறாள். நான் கடைசிப் படியில், புடவை நனைய.

"இன்னிக்குக் குடம் வேண்டாம்" என்றாள். தம்பி என்னைப் பார்த்தான்.

நேற்று ராத்திரிதான் குடைராட்டினம் வரும் இடத்தைப் படித்தேன். ராட்டினம் சுற்றும்போது எட்டிப் பிடிக்க வைத்திருக்கும் தங்க வளையத்தைப் பிடிக்க ஃபீபி எட்டி எட்டிப் பார்க்கிறாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்தாலும் ஹோல்டன் ஒன்றும் சொல்வதில்லை. விழுந்தால் விழட்டும், சொல்லித் தடுக்கக் கூடாது என்று விட்டுவிடுகிறான். பிடிப்பதே வேலையாக இருக்க ஆசைப்பட்டவன்.

குடத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முங்கினாள். இரண்டு முழம் தள்ளித் தலை வெளியே வந்தது, மூக்கெல்லாம் தண்ணீர்.

"அம்மா, பாத்தியா?"