ஊரில் இல்லாத பிள்ளைகள்

இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இலங்கையின் மலையக இளைஞர்களை, அதாவது தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்யும்போது பெரும்பாலும் முதலில் தவறிப்போவது நாட்காட்டிதான். வெளிநாட்டுப் பங்காளிகளுக்கு ஜூலை, ஓகஸ்டில் விடுமுறை. களவேலைக்கு அப்போதுதான் வந்து இறங்குவார்கள். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்கள் பக்கம் அது தென்மேல் பருவமழைக் காலம். மழையையாவது சமாளிக்கலாம், தேடி வந்த பிள்ளைகளில் பலர் தோட்டத்திலேயே இருக்க மாட்டார்கள். கொழும்பு புறக்கோட்டைக் கடையிலோ, கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையிலோ, யாரோ ஒருவர் வீட்டு வேலையிலோ இருப்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அகப்பட்டவர்களை மட்டும் வைத்து எழுதிவிட்டு, தலைப்பில் 'மலையக இளைஞர்' என்று போடுவது நியாயமில்லை.

அதனால் பேட்டிக்கு முன்னால் வீட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை இளைஞர் என்கிறது. அந்த வயதுக்காரர் எல்லோரையும், ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் சேர்க்க வேண்டும். "இந்த வீட்டில யாரு இருக்கீங்க?" என்று கேட்டால் இன்றைக்கு அங்கே சாப்பிடுகிறவர்களின் பெயர்தான் வரும். "உங்க புள்ளைங்க எத்தன பேரு, ஒவ்வொருத்தரும் இப்ப எங்க?" என்று கேட்டால்தான் கொழும்பில் இருக்கும் மூத்த மகனும், படிப்பை நிறுத்திவிட்டுப் போன இளைய மகளும் தாளில் ஏறுவார்கள். யாரைப் பேட்டி காண்பது என்பதை இந்தப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும்.

தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தோட்டத்துக் கோயில் தேர் ஆகிய நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அன்றைக்கே ஒரு மணி நேரப் பேட்டி என்று உட்கார வைக்க முடியாது. வீடு நிறைய ஆட்கள். முகம் பழகவும் தொலைபேசி இலக்கம் வாங்கவும் அந்த நாட்கள் போதும். பிறகு ஒரு ஞாயிறோ போயா (பௌர்ணமி) விடுமுறையோ பார்த்துக் கொழும்பில் சந்திக்கலாம். கடைக்கு மேலேயே படுத்துறங்கும் பையனிடம் கடையில் வைத்து முதலாளியைப் பற்றிக் கேட்பது வீண்வேலை. தேநீர்க்கடை, காலிமுகத்திடல் என்று எங்காவது வெளியே போக வேண்டும். இந்தக் கொழும்புப் பயணங்களுக்கு ஆய்வு முன்மொழிவின் செலவுத்திட்டத்தில் பெரும்பாலும் ஒரு சதமும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

அனுமதிக் கதை வேறு. தோட்டம் கம்பனியின் பொறுப்பில் இருப்பதால் துரையிடம் (தோட்ட மேலாளரிடம்) கடிதம் கொடுக்காமல் லயத்துக்குள் ஆய்வு செய்வது கடினம். கடிதம் கொடுங்கள், ஆனால் தோட்டத்து வாகனத்தில் போய் இறங்காதீர்கள். இறங்கினால் அன்று முழுக்க நீங்கள் துரை அனுப்பிய ஆள். சம்பளத்தைப் பற்றி ஒருவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் காட்டும் வீடுகளோடு நின்றுவிட்டால் அவருடைய சங்கத்து வீடுகள்தான் கிடைக்கும். மற்றச் சங்கத் தலைவரையும் அதே வாரத்தில் கண்டு பேசுவது நல்லது.

ஆய்வுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு 'தனிமையான இடத்தில் பேட்டி' என்று எழுதித் தரச் சொல்லும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் (லயத்து அறையில்) தனிமைக்கு எங்கே போவது? பழைய லயங்களில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். மாலையில் பூட்டிக் கிடக்கும் பிள்ளை மடுவம் (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்), கோயில் மண்டபம், வாசிகசாலை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வைக்கலாம். பெண் பிள்ளைகளோடு பெண் உதவியாளர்தான் பேச வேண்டும். தங்கையோ தோழியோ கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பேச்சுக் காதில் விழாதபடி உட்கார்ந்தால் வீட்டாருக்கும் கவலை இல்லை. மழை பிடித்தால் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையின் கீழ் மேசையில் வைத்த கருவியில் கூரைச் சத்தம்தான் பதியும். சட்டையில் குத்தும் சிறிய மைக் ஓரளவு உதவும். அடைமழையில் அதுவும் தோற்கும். அப்போது குறிப்பெடுத்து, அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பெரியவர்கள் பேசச் சம்மதித்துவிட்டுப் படிவத்தைக் கண்டதும் பின்வாங்கினால் வியப்பில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கிடப்பட்ட சமூகத்தில் கையெழுத்து இலேசான காரியமா? ஒலிப்பதிவில் வாய்மொழிச் சம்மதம் பெறுவதற்கு ஒழுக்கநெறிக் குழுவிடம் தொடக்கத்திலேயே அனுமதி கேட்டு வைத்தால் இந்த இழுபறி இல்லை.

பதிவு கைக்கு வந்த பிறகு கூட்டாய்வின் உண்மையான உரசல் தொடங்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்க ஐந்தாறு மணி நேரம் போகும். நாற்பது பேட்டி என்றால், ஒருவர் முழுநேரமாக உட்கார்ந்தாலும் ஒன்றரை மாதம் அளவில் பிடிக்கும். அனைத்தையும் ஆங்கிலத்தில் தா என்று பங்காளிகள் கேட்பார்கள். அதற்கு இன்னும் அவ்வளவு காலம். தமிழிலேயே பகுத்து ஆராய்ந்து, மேற்கோள் காட்டும் பகுதிகளை மட்டும் பெயர்ப்பதே சரி. அப்படிச் செய்யும்போது தோட்டத்துக் கள உதவியாளர்கள் பகுப்பாய்விலும் உட்கார்ந்தாக வேண்டும். அவர்களைத் தகவல் பொறுக்க மட்டும் அனுப்பும் கூட்டாய்வுகள் ஏராளம்; அரைகுறை விளக்கங்கள் அங்கேதான் பிறக்கின்றன. கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி ஒப்பமிட வேண்டும்.

பணத்தையும் அன்றே பேசிவிடுங்கள். பல்கலைக்கழக நிதிப் பிரிவு பற்றுச்சீட்டு கேட்கும், ஓட்டோக்காரர் கொடுக்க மாட்டார். செலவழித்த காசு திரும்பி வர மாதங்கள் ஆகலாம்; க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வேலை தேடும் கள உதவியாளரால் அதுவரை கைக்காசு போட முடியாது. முற்பணம் கொடுத்து, ஓட்டோ செலவுக்கு ஓட்டுநர் ஒப்பமிடும் வவுச்சர் தாள் ஒரு கட்டு அச்சடித்துக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.