24 பவுண்டு டாக்சியும் ஓர் அகழி வீடும்

டாக்சி புராணத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கிற ஐட்டம் மோட் என்ற பழைய அகழி வீட்டைப் பார்க்கக் கிளம்பினேன். செவன்ஓக்ஸ் ஸ்டேஷனில் ஏறும்போது 15 பவுண்டு என்றவர், கென்ட் கிராமத்துச் சந்தெல்லாம் சுற்றி இறக்கிவிட்டபோது கேட்டது 24. மழை தூறிக்கொண்டிருந்தது; கொடுத்துத் தொலைத்தேன். மதியச் சாப்பாட்டுக் காசு போச்சு. நுழைவுக் கட்டணம் வேறு.

ஆனால் சரிவில் இறங்கி ஐட்டம் மோட்டைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. நாலு பக்கமும் தண்ணீர், அதிலிருந்தே நேராக எழும்புகிற கல் சுவர். 1320-களில் தொடங்கிய வீடு. முற்றத்தைச் சுற்றி 70 அறைகளுக்கு மேல்!

அகழி என்றதும் கோட்டை, முற்றுகை என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனேன். அதெல்லாம் இல்லை. படை வந்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. திருடனுக்கும் மாட்டுக்கும் தடை, சமையலுக்கு மீன், மீதியெல்லாம் பகட்டு. இங்கிலாந்தில் இப்படி 5,000 இடங்களுக்கு மேல் உண்டு, பெரும்பாலும் 1250-க்கும் 1350-க்கும் இடையில் வெட்டியவை. பிரபுவைப் பார்த்து குட்டிப் பண்ணையார்களும் வெட்டிக்கொண்டார்கள்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு குறுகலான பிளவு. கதவைத் திறக்காமலே வந்தவனிடம் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். மழையில் நனைந்துகொண்டு அந்தப் பிளவு முன்னால் நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன்.

இந்த மாதிரி வீடுகளின் பெரிய கூடத்தில்தான் அந்தக் காலத்தில் பண்ணை நியாயசபை கூடும். அடிமைக் குடியானவன் மகளைக் கட்டிக்கொடுக்கப் பண்ணையாருக்குப் பணம் கட்டணும். அவன் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாடு பண்ணையாருக்கு. மாவு அரைப்பதும் அவர் ஆலையில்தான், அதற்கும் கூலி. என் டாக்சிக்காரர் தேவலை.

முற்றத்தில் ஒரு நாய்வீடு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டிடோ என்ற செயின்ட் பெர்னார்டு நாய்க்காகக் கட்டியது. அதுவும் முதல் தரப் பாரம்பரியச் சின்னமாம்! லண்டனில் என் அறையைவிட நல்ல மரவேலை.

சாப்பாட்டுக்கு ஒரு ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிதான் கட்டுப்படியானது. வெதுவெதுப்பாக, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, மேலே கெட்டிக் கிரீம். இன்னொன்று வாங்கக் கை போனது, அடக்கிக்கொண்டேன்.

எப்படிப் போவது என்று கேட்பீர்கள். பரோ கிரீன் ஸ்டேஷனில் இறங்கி நடங்கள், மூன்றரை மைல்தான். திரும்பும்போது நான் அப்படித்தான் வந்தேன். ஷூ முழுக்கச் சேறு, 24 பவுண்டு மிச்சம்.